பந்தல் கடையிலிருந்து ஒரு தள்ளுபடிச் செய்தி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் எனக்கு ஒரு பந்தல் கடை இருக்கிறது. சாமியானா, நாற்காலி, மேசை, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறேன். சிமெண்ட் லாரிகள் போகிற சாலை என்பதால் எங்கள் வெள்ளைத் துணி துவைத்த அன்று மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் அதே நாற்காலிகள்தான் போகும். நாற்காலிக்கு வித்தியாசம் தெரியாது. போடுகிறவனுக்குத் தெரிய வேண்டும்.

கல்யாண வீட்டில் வேலை முடிந்ததும் "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். சாவு வீட்டில் அப்படிச் சொன்னால் இன்னொரு முறை வருவேன் என்று சொன்னதாகிவிடும். சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு பேசாமல் போய்விட வேண்டும். நன்றிகூடச் சொல்லக்கூடாது. நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். எனக்கு இந்த வழக்கம் நன்றாகப் பொருந்தியது. சாவு வீட்டில் என்னைப் போல மரியாதை தெரிந்தவன் இல்லை என்று சுற்று வட்டாரத்தில் பெயர்.

அப்போது பெரம்பலூரில் புதிதாக ஒருவர் கடை போட்டார். பந்தல் என்று சொல்ல மாட்டார், 'ஈவென்ட்' என்பார். நிறம் மாறி மாறி எரிகிற எல்.ஈ.டி. வளைவு ஒன்று வைத்திருந்தார். என்னிடம் வர வேண்டிய கல்யாணங்கள் அந்த வளைவுக்குள் புகுந்து போய்விட்டன. நான் நம்பியிருந்தது செட்டிகுளத்தில் ஒரு வெங்காய விவசாயியின் வீட்டுக் கல்யாணத்தைத்தான். தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். அவருடைய அப்பா இறந்தபோது பந்தல் போட்டது நான். கல்யாணத்துக்குக் கேட்டபோது "பார்ப்போங்க" என்று மட்டும் சொன்னார். அது கிடைத்தால் அந்தப் பக்கத்து ஊர்கள் என்னிடம் நிற்கும். கிடைக்காவிட்டால் துணிகளை மடித்து வைக்க வேண்டியதுதான்.

இந்த நிலையில்தான் திருச்சியிலிருந்து ஒரு தம்பி வந்தார். கழுத்தில் ஒரு விளம்பரக் கம்பெனியின் அடையாள அட்டை தொங்கியது.

"சார், ஒங்க கஸ்டமரெல்லாம் எங்க இருக்காங்க?"

"செந்துறை, செட்டிகுளம், இந்தப் பக்கம் எறையூர்..."

"இல்ல சார். போன்ல இருக்காங்க. நீங்கதான் அங்க இல்ல."

இத்தனை நாள் இது தெரியாமல் டீசல் போட்டு ஊர் ஊராகப் போயிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன். நான் வாயே திறக்க வேண்டாம், போனே பேசிக்கொள்ளும் என்று அவர் சொன்னதும் விழுந்துவிட்டேன். என் போனில் இருந்த எண்களை எல்லாம் அவர் தன் கணினிக்கு மாற்றிக்கொண்டார். நான் எண்களை ஊரும் காரியமும் சேர்த்துத்தான் வைத்திருப்பேன். 'செந்துறை காதுகுத்து', 'செட்டிகுளம் வெங்காயம் அப்பா சாவு' என்று இருக்கும்.

"நம்பர் பக்கத்துல நெறய குப்பை இருந்துச்சு சார். கிளீன் பண்ணிட்டேன்" என்றார்.

எது குப்பை என்று கேட்க எனக்குக் கூச்சம்.

மறுநாள் காலை எல்லோருக்கும் செய்தி போனது. 'அன்பு வாடிக்கையாளரே! உங்கள் இல்ல விசேஷத்தின் மகிழ்ச்சியில் பங்குகொண்டதில் பெருமை அடைகிறோம். அந்த மகிழ்ச்சி உங்கள் வீட்டில் மீண்டும் மீண்டும் நிகழட்டும்! அடுத்த விசேஷத்துக்கு இருபது சதவீதம் தள்ளுபடி. இந்த மாதம் மட்டும். முந்துங்கள்!' மேலே பலூன்கள். கீழே நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற படம்.

முதல் அழைப்பு செந்துறையிலிருந்து வந்தது. போன வருஷம் தாயைப் பறிகொடுத்தவர்.

"எங்க பெரியப்பா ஒருத்தரு படுத்த படுக்கையா கெடக்கறாரு. இந்த மாசமே முடிச்சாகணுமாங்க? அவர முந்தச் சொல்லவா?"

என் மனைவி போனைப் பிடுங்கி, "தெரியாம வந்துடுச்சுண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். அதற்குள் அடுத்தவர் அழைத்தார். கடைசியில் போனை அரிசிக் குண்டானுக்குள் போட்டு மூடி வைத்தாள். அங்கேயும் அது உறுமிக்கொண்டே இருந்தது.

மதியம் திருச்சித் தம்பி உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"சார், செம ரெஸ்பான்ஸ்! லப்பைக்குடிக்காட்டு ஆள் ஒருத்தர் துபாய்லேர்ந்து பதில் போட்டிருக்காரு. இன்டர்நேஷனல் ரீச்!"

"அவரு வாப்பா மவுத்தானதுக்கு நாற்காலி போட்டேன் தம்பி. எல்லாரும் திட்டறாங்க."

"திட்டறதும் எங்கேஜ்மென்ட்தான் சார்."

செட்டிகுளத்திலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை.

"திட்டறவங்க திரும்ப வருவாங்க. பேசாம இருக்கறவங்கதான் போயிடுவாங்க. நேர்ல போங்க" என்றாள் மனைவி.

"போயி என்னத்த சொல்றது?"

"படத்துல கும்பிட்டுக்கிட்டு நிக்கறீங்கல்ல? அதையே அங்க போயி செய்யுங்க."

செட்டிகுளத்தில் அவர் களத்தில் பெண்கள் உட்கார்ந்து வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அவர் மனைவியும் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். வாங்க என்று யாரும் சொல்லவில்லை.

"யாரு வேணும்?" என்றார் அவர், என்னைத் தெரியாதவர் போல.

"நான்தாங்க, பந்தல்."

"அட, மகிழ்ச்சியில பங்கு எடுத்தவரா? எங்கப்பா போனதுல ஒங்களுக்கு அவ்ளோ சந்தோசமாங்க?"

தாள் அறுத்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். என் கண் கரித்தது. வெங்காய நெடி என்று நினைத்தார்களோ என்னவோ. வாழ்நாளில் முதல்முறையாக நாலு பேர் முன்னால் பேசினேன்.

"அன்னிக்கு ஒங்க வூட்டுலேர்ந்து சொல்லிக்காமத்தாங்க போனேன். எனக்கு அது தெரியும். போனுக்குத் தெரியலைங்க. அதுங்கிட்ட கொடுத்தது என் தப்பு."

அவர் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவிதான் தன் போனை எடுத்துச் செய்தியைத் திரும்பப் படித்தார்.

"ஏங்க, இந்த மாசம் மட்டும்னு போட்டிருக்கே. கல்யாணம் தையில. இப்பவே சொல்லி வெச்சா அந்த இருபது உண்டா?"

"நீ சும்மா இரு" என்றார் அவர்.

"என்ன சும்மா இரு? மாமா காரியத்துக்குத்தான் கொறைக்கல. அவரு பேத்திக்காவது கொறைக்கட்டும்."

"உண்டுங்க" என்றேன் அவசரமாக.

வெங்காயம் உரித்து முடிந்தது. "சரி. ஆனா அந்தக் கலர் மாறுற வளைவு வேணும். பொண்ணு ஆசைப்படுது" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே திருச்சித் தம்பியைக் கூப்பிட்டு எல்லா எண்களையும் அழித்துவிடச் சொன்னேன். "இப்பத்தான் சார் கன்வெர்ஷன் வந்திருக்கு! மெசேஜ் பார்த்துத்தானே ஆர்டர் கொடுத்தாங்க?" என்று அங்கலாய்த்தார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதும் உண்மைதான். அதுதான் எனக்கு ஆத்திரம்.

வளைவை அந்தப் பெரம்பலூர்க் கடைக்காரரிடமே வாடகைக்கு எடுத்தேன். அவர் தள்ளுபடி எதுவும் தரவில்லை. தை மாதம் வாசலில் அதை நிறுத்தி விளக்குப் போட்ட பிறகுதான் கவனித்தேன். மணமக்கள் பெயருக்கு மேலே அவர் கடைப் பெயரும் போன் எண்ணும் ஓடிக்கொண்டிருந்தன. எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் சொந்தக்காரர்களும் அதன் கீழே நின்று படம் எடுத்து அங்கேயே எல்லாருக்கும் அனுப்பினார்கள். நான் பின்பக்கம் போய், பந்திக்கு நாற்காலி போதவில்லை என்று கூப்பிட்டவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன்.