தலைவரின் மூக்கை மூடாத ஏழுமலை அண்ணன்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலை, அனுமந்தையில், அவர் வீட்டிலேயே. நெஞ்சுவலியாம்.

போன வாரம்தான் நானும் அவரும் சேர்ந்து தலைவரைக் கட்டினோம்...

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கவர்மென்ட் ஆபீஸ் ஹாலில், நுழைந்ததும் எதிரிலேயே, ஒரு மறைந்த தலைவரின் மார்பளவு சிலை இருக்கிறது. வெள்ளை மார்பிள். எலெக்‌ஷன் அறிவித்துவிட்டால் அதைத் துணியால் மூடியாக வேண்டும். ஆபீஸ் உதவியாளர்களான எங்கள் இருவருக்கும் அதுதான் எலெக்‌ஷன் டூட்டி.

நான் வேலைக்குச் சேர்ந்ததே ஒரு எலெக்‌ஷன் சமயத்தில். முதல் நாள் காலையில் கதவைத் திறந்தால், கரண்ட் இல்லாத ஹாலில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு யாரோ உட்கார்ந்திருக்கிறார். பத்தாவதையே ரெண்டு தடவை எழுதிய தைரியசாலி நான்... அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலிருந்து அண்ணன் குரல். “ஏம்பா, தலைவரு உயிரோட இருந்தப்பகூட அவரப் பாத்து யாரும் இப்படிப் பயப்படலப்பா.”

தினமும் சிலையைத் துடைப்பார். நம்ம ஊர் உப்பளக் காற்றுதான் தெரியுமே. “தலைவரு காதுல உப்பு வெளையுது பாரு. சைடுல ஒரு பாத்தி போட்டுடலாமா?” என்பார்.

மூடும்போது அவருக்கு ஒரு பழக்கம். எல்லாம் இழுத்துக் கட்டிவிட்டு, மூக்குக்கு நேராக மட்டும் துணியைக் கொஞ்சம் விலக்கிவிடுவார். போன வாரம் செக்கிங் வந்த மேடம் அதைப் பார்த்துவிட்டார்.

“என்னங்க, மூக்கு தெரியுது? அந்த மூக்கப் பாத்தாலே ஆளு யாருன்னு தெரிஞ்சிடுமே.”

“மூடினா மூச்சு முட்டும்ங்க மேடம்.”

மேடம் சிரிக்கவில்லை. அண்ணன் மறுபடியும் ஸ்டூலில் ஏறி மூக்கை மூடினார்.

இறங்கும்போது அண்ணன் சட்டை நனைந்திருந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டார். “வாயுப்பா. ஒரு சோடா அடிச்சா போயிடும்.”

எனக்கும் கொஞ்ச நாளாக அதே தோளில் வலி. “எனக்கும் வாயுதாண்ணே” என்றேன். ரெண்டு பேரும் சோடா குடித்தோம். ஏப்பம் வந்தது. வைத்தியம் முடிந்தது.

இன்று காலையில் மாலையோடு போனேன். தலையைச் சுற்றி வெள்ளைத் துணி. தாடையைச் சேர்த்து ஒரு முடிச்சு. மூக்கில் பஞ்சு.

மூக்கில் பஞ்சு...

மாலையைக் காலடியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வாசலில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாயு வாயுன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு தம்பி” என்று அழுதார். என் இன்னொரு கை தானாக இடது தோளுக்குப் போனது.

அங்கிருந்து நேராக ஆபீஸ். ஸ்டூலில் ஏறி, தலைவர் மூக்கிலிருந்து துணியை விலக்கினேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இறங்கிப் பார்த்தால் என் சட்டையும் நனைந்திருந்தது. தோள் இழுத்தது.

மகளுக்கு போன் போட்டு, வாயு என்று ஆரம்பித்தேன்.

“வாயுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்கயே உக்காருப்பா, வர்றேன்.”

இப்போது ஆஸ்பத்திரி பெஞ்சில் இருக்கிறேன். ஈசிஜி எடுக்க வேண்டுமாம். மகள் என் ஒரு கையைப் பிடித்திருக்கிறாள். மற்ற கையால்தான் டைப் அடிக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் கையைத் திட்டுங்கள்.

மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏழுமலை பெரியப்பாவுக்கு அஞ்சலி போடுறியா, உனக்கே போட்டுக்கிறியா?” என்கிறாள். அவள் குரலும் சரியில்லை.

அண்ணே... தலைவர் மூக்கைத் திறந்துவிட்டேன். மேடம் வந்து கேட்டால் உங்கள் பேரைத்தான் சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் பார்த்துப் போங்கள். உள்ளே என் பேரைக் கூப்பிடுகிறார்கள்.