பஸ் தரிப்பிடத்தில் சொன்ன சொல்

மொழிபெயர்ப்பாளருக்கு வாய் மட்டும்தான் சொந்தம், அதில் வருகிற பேச்செல்லாம் பிறத்தியாருடையது. தொண்ணூறுகளில் ரொறன்ரோ நீதிமன்றங்களில் தமிழுக்கும் இங்கிலீசுக்கும் நடுவில் நின்றவள் நான். அம்மாவின் வருத்தத்தை இங்கிலீசில் டொக்ரருக்கு விளக்க நீங்கள் பாடுபட்டிருந்தால், என் பாடு உங்களுக்குத் தெரியும். அப்போது ஒரு புதுச்சட்டம் வந்திருந்தது. ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண் என்ற வெறுப்பில் ஒருவரை அடித்தால் தண்டனை கூடும். அந்தச் சட்டம் எங்கள் சனத்திடம் வந்துசேர்ந்த ஒரு வழக்கு இது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

வாய்க்குள் நின்றது

குகனுக்கு இருபத்தாறு வயது, பேக்கரியில் வேலை. அவனும் அவன் நேசிக்கிறவனும் கைகோத்து நடந்ததை ஒரு தமிழ் ஆள் கண்டிருக்கிறான். அடுத்த கிழமை பட்டப்பகலில், ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் பஸ்ஸுக்கு நின்ற குகனை அடித்துக் கையை முறித்துவிட்டான்.

பொலிசில் நான்தான் மொழிபெயர்த்தேன். குகன் "சின்ன வாக்குவாதம்" என்றுதான் சொன்னான். அடிக்கும்போது அந்த ஆள் என்ன சொன்னான் என்று அதிகாரி கேட்டார். குகன் கட்டுப்போட்ட கையையே பார்த்தான். இங்கே கேட்பதை நான் வெளியில் கதைக்கமுடியாது என்று விளக்கினேன். அவன் சொன்னான்: "அதில்லை அன்ரி, உங்களுக்கு முன்னால சொல்லத்தான் வெக்கமாக் கிடக்கு."

கடையில் வந்த கோரிக்கை

பிறகு குகன் சொல்லிவிட்டான், ஆணை விரும்பும் ஆணை இழிவுபடுத்துகிற ஒரு தமிழ்ச் சொல். அந்த ஒரு சொல்லில்தான் வழக்கே நின்றது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கைகலப்பு. இது அடித்தவனின் அக்காவுக்கும் விளங்கியிருந்தது. மரக்கறிக் கடையில் என்னை மறித்து, அந்தச் சொல்லைக் "கோழை" என்று மொழிபெயர்த்தால் என்ன என்று கேட்டா. முடியாது, இதை நீதிமன்றத்துக்கும் அறிவிக்கவேண்டும் என்றேன். மறுநாள் காலை அறிவித்தேன். இரண்டு பக்க வழக்கறிஞர்களும் நானே தொடரலாம் என்றார்கள்.

அக்கா கெட்டவ இல்லை, தம்பிக்காகப் பயந்தவ. அன்று கடையை விட்டுப் போகும்போது சொன்னா: "அடிச்சதை மறைக்கச் சொல்லேல்லை தங்கச்சி, ஏன் அடிச்சவன் எண்டதைத்தான் கொஞ்சம் மெழுகிவிடச் சொல்லுறன்."

சாட்சிக் கூண்டில்

அதே பஸ்ஸுக்கு நின்ற நாகேஸ் அன்ரிதான் சாட்சி. தொழிற்சாலையில் ஒருநாள் லீவு எடுத்து வந்திருந்தா. அந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்தினா. சொல்லத்தான் வேண்டும் என்றார் நீதிபதி. அன்ரி கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஆள் கத்தியதுபோலவே கத்தினா. பொலிசில் மெதுவாகச் சொன்னதைத் தவிர, என் வாயில் அதுவரை எந்த மொழியிலும் வராத சொல் அது. அதே சத்தத்தில் இங்கிலீசில் சொன்னேன்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அது "கோழை" என்றும் பொருள்படுமா என்றார். நீதிபதி என்னைப் பார்த்தார். "இல்லை, கோழைக்குத் தமிழில் கோழை என்றே சொல் இருக்கிறது" என்றேன். இறங்கும்போது அன்ரி சொன்னதையும் மொழிபெயர்த்தேன்: "ஒருக்காச் சொல்லவே எனக்கு நாக்குக் கூசுது, அந்தப் பிள்ளை எத்தினை தரம் கேட்டிருக்கும்?"

தீர்ப்பு

அடித்தவனுக்குச் சிறை. குகன் யாரை நேசிக்கிறார் என்பதற்காக அவரை அடித்தது இந்தக் குற்றத்தை இன்னும் பாரமாக்குகிறது என்றார் நீதிபதி. தீர்ப்பில் அவர் சொன்ன "கே" என்ற இங்கிலீசுச் சொல்லுக்கு ஏற்ற மரியாதையான தமிழ்ச்சொல் அப்போது எங்கள் பேச்சில் இல்லை. "ஆணை நேசிக்கிற ஆண்" என்று, சபையில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

வெளியில் குகன் தன்னுடைய ஆளோடு நின்றான், இருவரும் கைகோத்தபடி. நீதிபதி சொன்னது விளங்கியதா என்று கேட்டேன். குகன் சொன்னான்: "இங்கிலீசிலயே விளங்கினது அன்ரி, ஆனா தமிழில ஒராள் அதை மரியாதையாச் சொல்லி இண்டைக்குத்தான் கேக்கிறன்."

சட்டம் புதிது, சனம் பழையது, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற எங்களுக்கு நாள் முழுக்க நின்ற கால்வலிதான் மிச்சம் என்றாலும், அந்தக் கால்வலியை நான் ஒருநாளும் குறைசொன்னதில்லை.