தாய்மாமனைத் தூக்கிய கப்பல்

எனக்குப் போர்க்கப்பல்கள் பிடிக்காது. விண்வெளி என்றாலே பீரங்கியும் நெருப்புமாக வரைந்து தள்ளுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நான் வரைவது சரக்குக் கப்பல், பழுதுபார்க்கும் கப்பல். மருந்துக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்ப்பவனுக்கு வேறு என்ன வரும்? மெஷின் ஓடுகிற வரை எங்களை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றுவிட்டால் மட்டும் ஆளுக்கு ஆள் கத்துவார்கள்.

இதற்கென்று இணையத்தில் ஒரு ரசிகர் குழு உண்டு. எல்லோருமாகக் கற்பனையில் ஓர் உலகத்தை உண்டாக்கி, அதற்குக் கப்பல்கள் வரைகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுச் சிலவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம் அந்த உலகத்தை வைத்து யார் கதை எழுதினாலும் அந்தக் கப்பல் அதில் ஓடும். என் கப்பல் ஒன்று அப்படி ஓட வேண்டும். இந்த வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். சிரிப்பார்கள் என்று வீட்டில் சொல்லவில்லை.

கரும்பு டிராக்டரைப் பார்த்துத்தான் வரைந்தேன். வெட்டு நேரத்தில் பாகூர் சாலையில் போகிற டிரெய்லரைப் பாருங்கள், சுமைதான் அதற்குச் சுவர். டிராக்டர் ஒரு டிரெய்லரைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொண்டு திரும்பும். என் கப்பலும் அப்படித்தான். முன்னால் சின்னதாக ஒரு தலை, பின்னால் திறந்த தளத்தில் கட்டிய பெட்டிகள், பக்கத்துக்கு ஒன்றாகப் பழுதுபார்க்க இரண்டு இயந்திரக் கைகள். ஏணிப்படிகளில் கால் படும் நடுப்பகுதி மட்டும் பெயின்ட் போயிருக்கும். வெல்டிங் ஒட்டுகள் தெரியும். கம்ப்யூட்டர் ஃபைலில் ஒவ்வொரு பெட்டியும் தனி லேயர், எதை வேண்டுமானாலும் தனியாக எடுத்து மாற்றலாம். ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்து, வருடக் கணக்கில் வரைந்தது.

முடித்ததும் குழுவில் ஓட்டுக்குப் போட்டேன். அதைச் சுவர் அளவுக்குப் பார்க்கவும் ஆசை வந்தது. அங்கேதான் கெட்டேன். மனைவியின் தம்பி மதகடிப்பட்டில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். வெறும் படமாக மாற்றிக் கொடுத்திருக்கலாம். சொந்த மச்சானிடம் என்ன ஒளிவு மறைவு என்று மொத்த ஃபைலையும் பென்டிரைவில் கொடுத்துவிட்டேன்.

"இன்னா மாமா, ஆளே இல்லாம வெறும் வண்டியா இருக்குது?" என்றான்.

"சரக்கு வண்டிடா. ஆளுங்க உள்ள இருப்பாங்க."

"உள்ள இருந்தா யாருக்குத் தெரியும்?"

அவன் தொழில் அது. எங்கள் பக்கத்தில் காதுகுத்து ஃபிளெக்ஸில் ஒரு முகம் விட்டுப்போனால் சொந்தமே விட்டுப்போகும். தன் முகம் பங்காளி முகத்தைவிடச் சின்னதாக இருக்கிறதென்று பந்தியில் உட்காராமல் எழுந்து போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்த முகூர்த்தத்தில் யார் வீட்டுக் காதணி விழாவுக்கோ அவனுக்கு ஆர்டர். முகங்கள் ஏராளம், வைக்க இடமில்லை. என் பெட்டிகளோ வரிசையாக, காலியாக நின்றன. பெட்டிக்கு ஒரு சொந்தக்காரரை வைத்தான். முன்கண்ணாடியில் காது குத்தப்போகிற இரண்டு குழந்தைகள். வலது இயந்திரக் கையில் கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன், இடது கையில் சீர்வரிசைத் தட்டு. தேய்ந்த ஏணிக்குத் தங்க வண்ணம் பூசினான். பின்னால் நெருப்பும் வைத்தான்.

குழுவில் ஓட்டெடுப்பு நடந்த வாரம் அந்த ஃபிளெக்ஸ் விழுப்புரம் சாலையில் நின்றது. குழுவில் என் கப்பலைப் பார்த்திருந்த ஒருவர், பஸ்ஸில் போகும்போது அடையாளம் கண்டு, படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டார்.

திருடினாயா என்று கேட்டிருந்தாலாவது பதில் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. சிரித்தார்கள். கூலிங் கிளாஸ்காரர்தான் கேப்டனா என்று ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டார். அம்மாவின் சகோதரர் என்று ஒருவர் விளக்க, இன்னும் சிரித்தார்கள். ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த ஃபிளெக்ஸ் கப்பலையும் ஓட்டுக்கு விட வேண்டும் என்று யாரோ எழுத, விட்டார்கள். வேண்டாம் என்று கோபமாக எழுதினேன். அதையும் தமாஷ் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நேரே மச்சான் கடைக்குப் போனேன்.

"யாரைக் கேட்டுடா போட்ட?"

"இன்னா மாமா இப்பிடிப் பேசற? சும்மா கெடந்த படம்தான. இன்னும் ரெண்டு பார்ட்டி அதே மாதிரி வேணும்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க."

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. "ஒரு படத்துக்காகவா எந்தம்பிகிட்ட சண்டை போட்டுகினு வந்தீங்க?" என்று கேட்ட மனைவி, அதற்குமேல் என்னோடு பேசவில்லை.

ஃபிளெக்ஸ் கப்பல் தேர்வானது. என்னுடையது ஆகவில்லை, ஒரே கப்பலை இரண்டு முறை சேர்க்கக் கூடாதாம். வரைந்தவர் என்ற இடத்தில் என் பெயரையே போட்டார்கள், என்ன பெருந்தன்மை! அந்த உலகத்தில் இனி யார் கதை எழுதினாலும் என் கப்பல் தாய்மாமனைத் தூக்கிக்கொண்டுதான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் கறி வாங்கிக்கொண்டு சமாதானத்துக்கு வந்தான். கழற்றிய ஃபிளெக்ஸையும் சுருட்டிக் கொண்டுவந்திருந்தான். "பெருசா வேணும்னு கேட்டியே மாமா." நான் கை நீட்டவில்லை. மனைவி வாங்கி, மாட்டுக் கொட்டகைக்கு ஆகும் என்று ஓரமாக வைத்தாள்.

சாப்பிடும்போது மச்சானே பேச்சை எடுத்தான். "உங்க குரூப்ல நம்ம கப்பல் ஜெயிச்சிடுச்சாமே? கடைக்கு வந்த பையன் ஒருத்தன் போன்ல காட்டினான். அன்னிக்கே சொன்னேன் மாமா, ஆளு வெச்சாதான் பாப்பாங்கன்னு."

அவன் நக்கலடிக்கவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னான். சொன்னதில் பொய்யும் இல்லை.