கடைசிப் பாயில் ஆள் இல்லை

துறைமுகத்துப் பழைய கிடங்கில் நித்திரையும் சாவும் பற்றி ஒரு கண்காட்சி. இன்று பக்கத்து வீட்டு மலர் அக்காவோடு போனேன்.

வரிசையாகப் பாய்கள். வெள்ளைத் துணி போர்த்திய மெழுகு உருவங்கள். யார் நித்திரை, யார் செத்தவர் என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டுமாம். எல்லோரும் முகங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அக்கா கால்மாட்டுத் துணியை விலக்கிப் பார்த்தார்.

"பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டியிருந்தா செத்த ஆள். இதுக்கு என்னத்துக்கு முகத்தப் பாக்கிறியள்?"

கடைசிப் பாயில் துணி மட்டும் கிடந்தது. 'திரும்பாதவர்' என்று எழுதியிருந்தார்கள்.

அக்காவின் புருசனை விசாரிக்கவென்று கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. உடல் இல்லாததால் செத்தவீடும் நடக்கவில்லை.

"தம்பி, இவருக்கு எங்க கட்டுறது?" என்று அக்கா அங்கே நின்ற, கண்காட்சியை அமைத்த கலைஞரிடம் கேட்டார்.

"அருமையான கேள்வி அக்கா. திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ" என்று அவர் போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினார்.

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். புருசனைத் தேடி ஏறி இறங்கிய அரசாங்கக் கந்தோர்களிலும் இத்தனை வருடமாக அவருக்கு 'திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ' என்றுதான் சொல்கிறார்கள்.

கண்காட்சி ஞாயிறு வரை இருக்கிறது. அக்காவின் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அவரைத் திரும்பச் சொல்லச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்.