பெர்னடீனின் ஊதா சாலஞ்சர்

ஒரு பெண் தன் சொந்தச் சம்பளத்தில் புதுக் கார் வாங்கப் போனால், யாருக்கு, அப்பாவுக்கா அண்ணனுக்கா என்று கேட்கிற காலம் அது. "எனக்குத்தான்" என்றாள் பெர்னடீன். மிச்சிகனில் ஹேம்ட்ராமக் என்ற ஊரில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற ஆலையில் வேலை, வயது இருபது. நாளெல்லாம் யாரோ உட்கார்வதற்குத் தைத்தவள், ஒரு நாள் தானே உட்கார்ந்துவிட்டாள்.

எழுபதாம் வருடத்து டாட்ஜ் சாலஞ்சர். நீண்ட மூக்கு, குட்டை வால், பின்சக்கரத்துக்கு மேலே இடுப்பில் கை வைத்து நிற்கிறவளைப் போல ஒரு வளைவு. முகப்பில் ஒரு பள்ளம், அதற்குள் நான்கு வட்ட விளக்குகள், எதிரே வருகிறவனை முறைத்துக்கொண்டு. நிறம் பளீரென்ற கத்தரிப்பூ ஊதா. கோயில் வாசலில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினபோது பாதிரியார் பூசை முடிந்து வெளியே வந்தவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் வுட்வர்ட் சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் நடக்கும். பச்சை விழுந்ததும் யார் முன்னால் போகிறார்கள் என்பதுதான் விஷயம். பெர்னடீனிடம் தோற்ற பையன்கள் நிறைய. அவர்களில் ஒருவன் லாயிட் கோரெட்ஸ்கி. தோற்ற கையோடு வந்து கல்யாணம் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டான். அவளும் சிரித்துக்கொண்டே சரி என்றாள். அந்தத் தோல்வியை அவன் மறக்கவே இல்லை என்பது அவளுக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

பிள்ளைகள் பிறந்தார்கள். மிச்சிகன் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு காரின் அடிவயிற்றைத் தின்றது. காரை ஷெட்டில் ஏற்றிப் போர்வை போட்டு மூடினார்கள். லாயிட் ஓய்வு பெற்ற மறுவாரம் அந்தப் போர்வையை எடுத்தான்.

"பழையபடி ஆக்கிடறேன் பெர்னி. முடிஞ்சதும் முத ஆளா நீதான் ஓட்டணும்" என்றான்.

அந்த வார்த்தையை நம்பி அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஷெட்டில் சாலஞ்சர் இருந்ததால் அவளுடைய அன்றாடக் கார் வெளியே பனியில் கிடந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் காலையில் விரல் மரத்துப்போகக் கண்ணாடியில் ஐஸ் சுரண்டினாள். பெயிண்ட் அடித்த உதிரிபாகங்களை லாயிட் அவளுடைய சமையல் அடுப்பில் வைத்துத்தான் சூடேற்றிக் காயவைத்தான். ஒரு நன்றி நாள் விருந்தில் வான்கோழியே பெயிண்ட் தின்னர் வாடை அடித்தது. பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள்.

பழைய காரைப் புதுப்பிக்கிற கூட்டத்தாருக்கு ஒரு பைத்தியம் உண்டு. கார் நன்றாக இருந்தால் போதாது, ஆலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஆலைக்காரன் அவசரத்தில் விட்ட பிழைகள் உட்பட. சமையலறைச் சுவரில் ஒரு சொட்டு பெயிண்ட் வழிந்தாலும் கத்துகிற மனுஷன், காரின் அடியில் பெயிண்டை அசட்டையாக வழியவிடுவது எப்படி என்று அட்டையில் மாதக்கணக்கில் பயிற்சி செய்தான். சிகரெட் சுட்ட ஓட்டை இருந்ததென்று பழைய சீட் உறையைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக வரவழைத்தான். அந்த ஓட்டை பெர்னடீன் சுட்டது. தன்னைக் கேட்டிருக்கலாமே என்று அவளுக்குப் பட்டது.

கார் ஒருவழியாக முடிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், பார்க்கக் கண் கொள்ளவில்லை. அவள் சாவிக்குக் கை நீட்டினாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றான் லாயிட்.

அடுத்த முறை கேட்டபோது ரோடு போடுகிறார்கள், கல் தெறிக்கும் என்றான். அதற்கடுத்த முறை, பழைய கார்களுக்கான போட்டி முடியட்டும் என்றான். போட்டிக்காவது ஓட்டிக்கொண்டு போனானா என்றால் அதுவும் இல்லை. நாலு பக்கமும் மூடிய ட்ரெய்லருக்குள் ஏற்றிப் பட்டை போட்டுக் கட்டி, டிரக்கில் பூட்டி இழுத்துக்கொண்டு போவான். ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தே ஊர் சுற்றியது.

அந்த வசந்தத்தில் பெர்னடீனுக்குக் கண் மங்கத் தொடங்கியது. ஓரமெல்லாம் தெரியும், பார்க்கிற இடத்தின் நடுவில் மட்டும் ஈர விரலால் தேய்த்துவிட்டது போல ஒரு கறை. டாக்டர் பெண் பூசி மெழுகாமல் சொன்னாள்: "அக்டோபர்ல உங்க லைசென்ஸ் முடியுதில்ல, மறுபடி எடுக்க முடியாதும்மா. அதுவரைக்கும் பகல்ல, பக்கத்துல மட்டும் ஓட்டிக்குங்க."

வீட்டுக்கு வந்ததும் பெர்னடீன் புருஷனிடம் நேராகவே கேட்டாள்.

"அக்டோபருக்குள்ள ஒரே ஒரு தடவை லாயிட். நம்ம தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வந்தாக்கூடப் போதும்."

"ஒஹாயோ போட்டி முடியட்டும் கண்ணு. செப்டம்பர்தானே. அப்புறம் உன் இஷ்டம்."

ஒஹாயோவுக்கு அவளும் போனாள். காருக்கு முன்னால் ஒரு பலகை வைப்பது அங்கே வழக்கம், காரின் கதையை எழுதி. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் கண் ஓரத்தால் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். லாயிட்டின் பெயர் பெரிதாக இருந்தது. கீழே ஒரு வரி: 'முதல் உரிமையாளர் ஒரு பெண்மணி. நிதானமாக ஓட்டப்பட்ட வண்டி.'

நிதானமாகவாம்! தன் பெயர் இல்லை என்பதைக் கூடப் பொறுத்திருப்பாள். அந்த நிதானத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

தங்கப் பதக்கம் கிடைத்தது. கூடவே வந்திருந்த சிநேகிதன் டர்ரல் லாயிட்டின் முதுகில் தட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "என்ன அண்ணி, இனிமே அண்ணனைக் கையில பிடிக்க முடியாதே?"

"அவரை யாரு பிடிக்கப் போறா? பதக்கம் வாங்கியாச்சு. நாளைக்கு நான் வண்டியை ஓட்டப் போறேன்" என்றாள் பெர்னடீன்.

லாயிட் பதக்கத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே சிரித்தான்.

"கேட்டியா டர்ரல்? கண்ணு தெரியாதவ கையில சாவியைக் குடுக்கணுமாம்."

டர்ரலும் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காபி வாங்கி வருகிறேன் என்று நகர்ந்தான். கண் நன்றாக இருந்தபோது லாயிட் மழை என்றான், கல் என்றான், போட்டி என்றான். இப்போது கண். அவளாகவே ஒரு காரணத்தைத் தயார் செய்து அவன் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அவன் எந்தக் காலத்திலும் கொடுக்கப் போவதில்லை என்பது அந்த நிமிடம் அவளுக்கு விளங்கியது.

திரும்பும் வழியில் டோலிடோவுக்கு வெகு முன்னாலேயே பெட்ரோலுக்கு நின்றார்கள். ஆண்கள் இருவரும் ஆப்பிள் பை தின்னக் கடைக்குள்ளே போனார்கள். தலை வலிக்கிறது, டிரக்கின் பின்சீட்டில் படுத்துக்கொள்கிறேன், எழுப்ப வேண்டாம் என்றாள் பெர்னடீன். அவர்கள் போனதும் ஆள் படுத்திருக்கிற மாதிரித் தலையணையை நீட்டிவிட்டு மேலே தன் கோட்டைப் போர்த்தினாள். ட்ரெய்லரின் பக்கத்தில் ஒரு சிறு கதவு உண்டு, காரை ஏற்றினவன் வெளியே வருவதற்கு. அதன் வழியே நுழைந்து, காரின் கதவு திறந்த மட்டுக்கும் உடம்பை ஒடுக்கி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஓடுகிற ட்ரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது, மாட்டினால் போலீஸ் அபராதம் போடும். போடட்டும்.

டிரக் கிளம்பியது. உள்ளே கும்மிருட்டு. இருட்டில் நடுவும் இல்லை, ஓரமும் இல்லை, கறையும் இல்லை. கால்கள் தாமாக மூன்று பெடல்களையும் கண்டுபிடித்தன. கைத்துப்பாக்கிப் பிடி போன்ற கியர்த் தடி உள்ளங்கையில் வந்து பொருந்தியது. முன்னால் டிரக்கின் உறுமல் மாறுகிற போதெல்லாம் அவள் கிளட்ச்சை மிதித்துக் கியர் மாற்றினாள். கட்டியிருந்த பட்டைகளுக்குள் கார் லேசாகக் குதித்தது. புது உறையின் தையலைக் கையால் தடவிப் பார்த்தாள். நன்றாகத்தான் தைத்திருந்தார்கள்.

முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு, எஞ்சின் சத்தம் தன் காருடையது இல்லை, முன்னால் லாயிட் மிதிக்கிற சத்தம் என்பது உறைத்தது. மாநிலத்தின் எல்லை தாண்டுகிற வரை அழுதாள். அழுகை நின்ற பிறகும் கியர் மாற்றுவதை மட்டும் விடவில்லை.

டர்ரலை அவன் வீட்டில் இறக்கிவிட்ட சத்தம் கேட்டது. அப்புறம் தங்கள் வீட்டுச் சரிவு. டிரக் கதவு அறைந்தது. பின்சீட்டில் வெறும் கோட்டைப் பார்த்திருப்பான். "பெர்னி, பெர்னி" என்று இரண்டு முறை கூப்பிட்டான். குரலில் பயம் இருந்தது. அதைக் கேட்க அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ட்ரெய்லரின் பெரிய பின்கதவு திறந்து கீழே இறங்கியது. லாயிட் டார்ச் விளக்கோடு பக்கவாட்டில் வந்து ஜன்னலுக்குள் அடித்தான்.

வெளிச்சம் அவள் முகத்திலிருந்து மடிக்கு இறங்கி, மடியிலிருந்து சீட்டுக்குப் போய் நின்றது.

"உன் ஜீன்ஸ்ல பின்னால பித்தளைக் குமிழ் இருக்குமே" என்றான். "சீட்ல கீறல் ஏதும் விழுந்திருக்கா பாரு."

பெர்னடீன் குரல் வந்த பக்கம் திரும்பினாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறைதான் இருந்தது.

"எனக்கு எங்க தெரியும் லாயிட்?" என்றாள். "நான்தான் கண்ணு தெரியாதவளாச்சே."