சாண் அளவு வெள்ளைச் சதுரம்

அந்தத் தையல் கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. சாண் அக்கா என்று கேட்க வேண்டும். எந்தத் துணி வந்தாலும் அதன் மூலையில் வெள்ளை நூலால் சரியாக ஒரு சாணுக்குச் சதுரம் தைப்பாள். பிறகு பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, சதுரத்தை அளப்பாள். சுருங்கியிருந்தால் மறுபடி ஊறல். அளவு அசையாமல் நின்ற பிறகுதான் வெட்டுவாள்.

“அக்கா துணி காயறதுக்குள்ள போட்டுக்கிறவனுக்கே வயசாயிடும்” என்று தையல்காரிகள் கிண்டல் செய்வார்கள். பேசட்டும். வாய்க்குப் பூட்டா போட முடியும்?

அங்கே தைப்பது ஆர்கானிக் டெனிம். பூச்சிமருந்து தெளிக்காமல் விளைந்த பருத்தி, ரசாயனம் ஏற்றாத கெட்டித் துணி. புதிதில் அட்டை போல விறைத்து நிற்கும். போடப் போட உடம்போடு பழகி, மடங்குகிற இடமெல்லாம் நீலம் வெளுத்து, பத்து வருஷம் உழைக்கும். ஆனால் முதல் தண்ணீரில் சாணுக்கு ஒரு விரல் சுருங்கிவிடும், அதுதான் வம்பு. வாங்க வருகிறவர்களிடம் அவள் விடாமல் சொல்வாள்: “உள்பக்கத்த வெளிய திருப்பிப் போட்டுத் துவைங்க. வெயில்ல காயப்போடாதீங்க. தினமும் ஏன் துவைக்கிறீங்க, அது பேண்டா, சோத்துத் தட்டா? கிழிஞ்சா எறியாதீங்க, கொண்டாங்க, ஒட்டுப் போட்டுத் தரேன்.”

முன்பு பெரிய தொழிற்சாலை ஒன்றில் துணி வெட்டினாள். ரசாயனத் துணி பட்டுக் கையெல்லாம் சொறி வந்ததால் வேலையை விட்டதாக எல்லாரிடமும் சொல்லியிருந்தாள், கட்டிய கணவனிடமும்தான். சொறி வந்தது உண்மை. அதனால் விட்டது என்பது பொய். மேஸ்திரி அவசரப்படுத்தி, ஊறவைக்காத துணியை வெட்டச் சொன்னான். நானூறு பேண்ட் முதல் துவையலில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டன. ஊறப்போட்டாயிற்று என்று அவள்தான் சொன்னதாகச் சாதித்தான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அவளை வெளியே அனுப்பினார்கள்.

இந்தக் கூடத்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது ஒரு நாற்றுப் பண்ணைக்கு அறுபது பேண்ட், மறுநாள் காலை அனுப்ப வேண்டும். ஒரு வாரமாக அடைமழை. கூடத்தில் காயவைக்க இடமில்லாமல் பன்னிரண்டு துண்டுத் துணியையும் தன் வீட்டில், கூரை போட்ட மொட்டைமாடியில் காயவைத்து, அளந்து, எடுத்து வந்து அடுக்கி, ஒரே வெட்டாக வெட்டியிருந்தாள். தையலும் முடிந்துவிட்டது.

வெட்டிய பின் மூலைத் துண்டுகளை எண்ணி டப்பாவில் போடுவது அவள் வழக்கம். அவசரத்தில் விட்டுப்போனதை அன்று காலைதான் எண்ணினாள். பதினொன்றில் சதுரம் இருந்தது. பன்னிரண்டாவது மொட்டை நீலம்.

டப்பாவைக் கவிழ்த்து மறுபடி எண்ணினாள். ஊறவைக்காத துணி ஒன்று கூடத்திலிருந்தே அடுக்கில் கலந்திருக்குமோ? அப்படியானால் ஐந்து பேண்ட் சுருங்கும். எந்த ஐந்து? அறுபதும் கலந்து கிடக்கிறது. அதைவிட, இந்த முறை கைகாட்ட மேஸ்திரியும் இல்லை. ‘சரியாத்தான் துரத்தியிருக்காங்க’ என்று அவளுக்கே தோன்றியது.

முதலாளியம்மாவிடம் மறைக்காமல் சொன்னாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“இப்ப என்ன செய்யலாம்?”

“இந்தத் துண்டையே நனைச்சுப் பாத்துடறேம்மா. சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும்.”

அந்தத் துண்டில் புதிதாக ஒரு சதுரம் தைத்து, வாளியில் அமுக்கி, ஊறவிட்டு, மின்விசிறிக்குக் கீழே கட்டினாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவேயில்லை. சும்மா சும்மா போய்த் தொட்டுப் பார்த்தாள். பக்கத்து மெஷின்காரி, “அக்கா, நீங்க பாத்துட்டே இருந்தா அது வெக்கப்பட்டே காயாது” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மணி நாலரைக்குத் துண்டு காய்ந்தது. டேப்பை முதலாளியம்மாவே வாங்கி அளந்தாள். நான்கு பக்கமும் அளந்தாள். தைத்தபோது இருந்த சாண் அப்படியே இருந்தது. நூலிழை குறையவில்லை.

“ஊறின துணிதாம்மா இது. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்றாள் முதலாளியம்மா.

சாண் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைப் பருக்கை விடாமல் தின்றாள். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அப்படியானால் சதுரம் எங்கே போயிற்று?

வீட்டில் கணவன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு செய்தித்தாளில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்றும் கை சும்மா இருக்காது, கல்யாணப் பத்திரிகை வந்தாலும் திருத்தித் திருப்பிக் கொடுப்பார்.

அவள் கேட்டு முடிப்பதற்குள், “அதா? நீ அளந்து வச்சப்புறம் நான்தான் பிரிச்சேன்” என்றார் பெருமையாக. “நீலத்துல வெள்ளை நூல் துருத்திட்டு இருந்துச்சு. உன் வேலையில யாராவது குத்தம் சொல்லிடுவாங்களேன்னு பிளேடு வச்சு அழகா எடுத்தேன். ஒண்ணு முடிக்கறதுக்குள்ள கண்ணு வலிச்சிடுச்சு, படுத்துட்டேன்.”

“நல்லவேளை வலிச்சுது. உங்களை அந்தப் பிளேடாலயே...” என்று ஆரம்பித்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் பயந்துபோனார். அப்போதுதான் மேஸ்திரி, நானூறு பேண்ட், சொறி என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னாள்.

“அன்னிக்குத் தப்பு என் மேல இல்லன்னு காட்ட எங்கிட்ட எதுவுமே இல்லீங்க. அதனாலதான் இந்தச் சதுரம்.”

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு எழுந்து அவளுடைய நூல்பெட்டியை எடுத்து வந்தார். அடுத்த வேலைக்காக அவள் கொண்டுவந்திருந்த டெனிமை மடியில் விரித்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து, மூன்றாவது முயற்சியில் ஊசியில் வெள்ளை நூலைக் கோத்தார்.

“எந்த மூலையிலம்மா போடணும்?” என்று கேட்டார்.