ஒரு வரி சொன்னவர்

முதுநகரில் ரயில் ஏறியதும் மடிக்கணினியைத் திறந்தேன். நான் பார்த்துக்கொள்ளும் ரத்ததான இணையதளத்தில் கொடையாளர் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாகத் தெரிந்தன. பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய பழைய நிரலையே அழித்துவிட, அழிப்புப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன்.

பக்கத்து இருக்கையில், தடித்த கண்ணாடி போட்ட பெண் ஒருவர் என் திரையை உதடசைய வாசித்துக்கொண்டிருந்தார்.

“அழிக்காதீங்க சார். பேருங்க உள்ள பத்திரமாதான் இருக்கும். வெளிய காட்டுறப்போ, தமிழ் எழுத்தைச் சரியா காட்டுற யுடிஎஃப்-8 முறைன்னு சொல்லாம விட்டிருக்காங்க.”

அவர் சொன்ன ஒரே வரியைச் சேர்த்தேன். பெயர்கள் தமிழில் வந்துவிட்டன.

“எப்படிங்க தெரியும்?”

“நானும் இதே மாதிரி மாட்டிக்கிட்டு அழுதுட்டிருந்தப்போ, பெர்ல்காரங்க பேசுற இணைய மன்றத்துல யாரோ சொன்னாங்க. அவுங்களுக்கு நன்றிகூட எழுதல.”

பரங்கிப்பேட்டையில் இறங்கிவிட்டார். நானும் நன்றி சொல்லவில்லை. இப்போது அந்த மன்றத்தில் யார் கேட்டாலும் பதில் எழுதுகிறேன். கேட்பவர் அவராகவும் இருக்கலாம்.